கண்ணோட்டமும் ஒற்றாடலும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்தனர் முன்னோர். அவற்றுள் நாடகத்தமிழுக்கு இன்று அரங்கு எது என்று கேட்டால், விடை சொல்ல நெடுநேரம் சிந்திக்க வேண்டுவதில்லை. கூத்துக்களரி ஓரமாக ஒதுங்கிவிட்டது. வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி வீற்றிருக்கிறது. அதனினும் நெருக்கமாய், இளைஞரின் உள்ளங்கையில் கைத்தொலைபேசி ஒளிர்கிறது. பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் நம் கரையோர ஊர்களில், இஷாத் தொழுகை முடிந்து கதவடைத்த பின்னர் வீடுதோறும் நடைபெறுவது நாடகமே. அவற்றுள்ளும் இளையோர் பெரிதும் விரும்பிக் காண்பது ஒருவகை. போதைப்பொருள் விற்போர் ஒருபுறம், பொலிஸார் மறுபுறம், இடையே துப்பாக்கி.

இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நம் அயலூராகிய காரைதீவை நினைவூட்டுவேன். அங்கே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், ஆங்கில நாட்டு நாடகப் புலவர் சேக்ஸ்பியரையும் நம் பழைய நாடக இலக்கணத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை இயற்றினார், அது 1926 இல் வெளிவந்தது. பிறநாட்டு நாடகத்தைத் தமிழ் அளவுகோலால் அளப்பதும், அதனால் நம்மையே அளந்துகொள்வதும் பண்டிதருக்கு ஆகாத தொழில் என்று அடிகள் கருதவில்லை. அவர் காட்டிய வழியில் இரண்டொரு அடி வைத்துப் பார்ப்பதே இவ்வாரம் என் நோக்கம்.

நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்தியாகப் பகுத்தனர். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் இவ்வைந்தையும் நெல்வேளாண்மையின் படிகளால் விளக்குகின்றார். உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைகொள்வது முதற்படி, இலை தோன்றி நாற்றாவது இரண்டாவது, கருக்கொள்வது மூன்றாவது, கதிர் முற்றித் தலைசாய்வது நான்காவது, அறுத்துக் கொணர்ந்து உண்பது ஐந்தாவது. வயலை அறிந்த நம் மாவட்டத்து மாணவனுக்கு இதனினும் தெளிவான நாடகப் பாடம் வேண்டுமோ? இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் தமிழ்த் திரை ஒன்றினைக் காண்போம்.

லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘கைதி’ 2019 ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. அரங்குகளில் ஓடி முடிந்த பின்னும் வீடுகளில் ஓயாது ஓடிக்கொண்டிருப்பது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஓரிரவுக்குள் நடந்து முடியும் கதை. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பொலிஸ் அதிகாரி பிஜோயின் குழுவினர் 900 கிலோ கொக்கேயினைக் கைப்பற்றி ஒளித்து வைக்கின்றனர். அதனை மீட்கத் துடிக்கும் கூட்டம், விருந்தொன்றில் அதிகாரிகளின் மதுவில் மருந்து கலந்து அவர்களை மயக்கி வீழ்த்துகிறது. பத்தாண்டுச் சிறைவாசம் முடித்து, தான் ஒருநாளும் காணாத மகளைக் காணப் புறப்பட்ட டில்லி என்பான், மயங்கிக் கிடக்கும் அதிகாரிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு அவ்விரவைக் கடக்கின்றான். மறுபுறம், ஆணையாளர் அலுவலகத்தில் தனித்து நிற்கும் நெப்போலியன் என்னும் எளிய காவலர், அன்றிரவு அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த கல்லூரி மாணவர் சிலரைத் துணைக்கொண்டு வாயிற்கதவைக் காக்கின்றார்.

கட்டுக்கோப்பான படைப்பு என்பதில் ஐயமில்லை. மகளின் முகம் அறியாத் தகப்பனின் ஏக்கமும், பதவியிற் சிறியவரான ஒரு காவலரின் கடமையுணர்வும் உள்ளத்தைத் தொடுகின்றன. ஆயினும், அடியார்க்கு நல்லாரின் வயலுக்குத் திரும்பி ஒரு வினா எழுப்புவேன். கதை தொடங்கும்போதே கதிர் முற்றிக் களத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தொள்ளாயிரம் கிலோவும் யாருடைய வீட்டுக்குள் போகவிருந்தன? எந்த ஊர்ச் சிறுவன் அதை முதன்முதல் கையில் வாங்கினான்? வாங்கக் காசு எப்படி வந்தது? அவன் தாய் எதை விற்றாள்? இவர்களுள் ஒருவரையேனும் நாம் காணவில்லை. வித்தும் இல்லை, நாற்றும் இல்லை. அறுவடை ஒன்றே உண்டு. அந்த அறுவடையும் இறுதியில் பெருந்துப்பாக்கி ஒன்றினால் நிறைவேறுகிறது. 2022 இல் அதே இயக்குநர் அளித்த ‘விக்ரம்’ இன்னும் பெரிய துப்பாக்கிகளோடு இதே களத்துக்குத் திரும்பிற்று. போதைப்பொருள் என்பது கெட்டவர்கள் சிலரைச் சுட்டு வீழ்த்தினால் தீர்ந்துபோகும் நோய் என்ற எண்ணத்தை இவை இளநெஞ்சில் விதைக்கின்றன. பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணம் திரையோடு நில்லாது, வகுப்பறைக்குள்ளும் வீதிக்குள்ளும் நடந்து வருகின்றது.

இதற்கு எதிர்நிலையில் ஒரு படைப்பு உண்டு. அமெரிக்க நாட்டின் போல்ட்டிமோர் நகரைக் களமாகக் கொண்டு, 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக, அறுபது அங்கங்களாக ஒளிபரப்பான ‘தி வயர்’ என்னும் தொலைக்காட்சித் தொடர். அதனைப் படைத்த டேவிட் சைமன் அந்நகரத்து நாளிதழின் குற்றச்செய்தியாளராய் இருந்தவர். அவருடன் எழுதிய எட் பேர்ன்ஸ் காவற்பணியில் இருபதாண்டளவு கழித்து, பின்னர் அதே நகரின் பாடசாலையில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர். ஆசிரிய நண்பர்கள் இந்த இரண்டாவது மனிதரைச் சற்றே நின்று நோக்க வேண்டும். குற்றவாளியைத் துரத்திய கையே வெண்கட்டியையும் ஏந்திற்று. அதனாலன்றோ, 2006 இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தில், கதை தெருமுனையை விட்டுப் பாடசாலைக்குள் நுழைகின்றது! வித்து எங்கே விழுந்தது என்று தேடிச் சென்ற பொலிஸ் நாடகம் வகுப்பறை வாங்கில் போய் அமர்ந்தது.

அப்பருவத்தின் பன்னிரண்டாம் அங்கம் 2006 டிசம்பர் 3 ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. ‘தட்ஸ் கொட் ஹிஸ் ஓன்’ என்பது அதன் பெயர். பில்லி ஹொலிடே என்னும் பாடகி பாடிப் புகழ்பெற்ற பாடலொன்றிலிருந்து எடுத்த தொடர் அது. தனக்கென்று ஒன்றை உடைய பிள்ளையைக் குறிப்பது. தனக்கென்று எதுவும் இல்லாத ஒரு பிள்ளையின் கதைக்கு இப்பெயர் இடப்பட்டமை கருதத்தக்கது.

பிள்ளையின் பெயர் ரண்டி. எட்டாம் வகுப்பு மாணவன். பெற்றோர் இல்லை, அரசின் ஏற்பாட்டில் அன்னா என்னும் நல்ல மூதாட்டியின் வீட்டில் வளர்கின்றான். பாடசாலையில் இனிப்பு விற்றுக் காசு சேர்க்கும் கெட்டிக்காரன். அவன் அஞ்சுவது ஒன்றே ஒன்று: அந்த வீட்டை இழந்து, அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குத் திரும்ப நேர்வது. பாடசாலையில் ஒரு குற்றச்சாட்டில் அகப்பட்ட வேளை, வளர்ப்புத் தாயை அழைக்க வேண்டாம் என்று மன்றாடி, தனக்கு ஒரு கொலை பற்றித் தெரியும் என்று உதவி அதிபரிடம் வாய்திறந்துவிடுகின்றான். கொலையில் அவனுக்குப் பங்கில்லை. என்ன நடக்கப் போகிறதென அறியாமல் ஒருவருக்கு ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவன், அவ்வளவே.

உதவி அதிபர் கணித ஆசிரியரிடம் சொல்கின்றார். ஆசிரியரோ முன்னாட் பொலிஸ்காரர். தாம் நம்பும் அதிகாரியிடம் சொல்கின்றார். அவர் வழியாகக் கார்வர் என்னும் சார்ஜன்ட். அவர் வழியாக ஹெர்க் என்னும் இன்னொரு சார்ஜன்ட். ஒருவரும் தீயவர் அல்லர். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை நம்பினார். அவ்வளவில் தம் கடமை முடிந்ததென எண்ணினார். கடைசியில் நின்ற ஹெர்க், வேறோர் இளைஞனை விசாரிக்கையில், தம் கையில் சான்று உண்டு என்று மிரட்டும் ஆவலில், சொன்னவன் இன்னான் என்று ஊகிக்கும்படி ஒரு சொல்லை உதிர்த்துவிடுகின்றார். ஒரே சொல். அது தெருவின் தலைவனிடம் போய்ச் சேர்கின்றது. அவன் அச்சிறுவனைக் கொல்லச் சொல்லவில்லை. ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயரைப் பரப்பச் சொல்கின்றான். அதுவே போதுமானதாயிற்று.

நான் குறிப்பிட்ட அங்கத்தில் அந்தச் சொல்லின் விளைவு வருகின்றது. சிறுவனின் வீட்டுக்குக் காவல் இடப்படுகின்றது. காவலர் வேறோர் அழைப்புக்கு விரைந்து சென்ற வேளையில், எரிபோத்தல்கள் சாளரத்தை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகின்றன. அன்னாவின் உடல் வெந்துபோகின்றது. வைத்தியசாலையில் கார்வர் ஆறுதல் சொல்ல வருகின்றார். தன்னைப் பார்த்துக்கொள்வதாய் அவர் அளித்த வாக்கைச் சிறுவன் அவருக்கே திருப்பிச் சொல்லிக் கத்துகின்றான். நெடிய நடைகூடத்தில் அவர் ஒன்றும் பேசாது நடந்து செல்கின்றார், குரல் பின்தொடர்கின்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை, நாயகன் ஒருவனும் தோன்றவில்லை. ஆயினும் பொலிஸ் நாடகங்களில் இதனினும் கொடிய காட்சியை நான் கண்டதில்லை.

அடுத்த அங்கத்தில் கார்வர் அச்சிறுவனைத் தாமே வளர்க்க முன்வருகின்றார். விதிமுறைகள் இடந்தரவில்லை. தாமே கொண்டுபோய் விடுதியில் விட்டு, வண்டிக்குள் வந்து அமர்ந்து சுக்கானைக் கையால் அறைகின்றார். விடுதியில் அவனுக்கு முன்பாகவே அவன் பெயர் போய்ச் சேர்ந்திருக்கின்றது. ஐந்தாம் பருவத்தில் ஒருமுறை அவனை மீண்டும் காண்கின்றோம். இனிப்பு விற்ற சிறுவன் இல்லை. முகம் இறுகிய ஒருவன் படிக்கட்டில் மற்றொரு பிள்ளையை இடித்துத் தள்ளிக்கொண்டு போகின்றான். வித்து, நாற்று, கரு, கதிர் என்ற படிகள் யாவும் நம் கண்முன் நிறைவேறிவிட்டன.

அங்கத்துக்குப் பெயர் தந்த பாடகியின் வாழ்வும் இதற்கு அயலானதன்று. பில்லி ஹொலிடே அதே போல்ட்டிமோர் நகரில் வளர்ந்தவர். ஹெரோயினுக்கு அடிமையாகி உழன்றவர். 1959 இல் நியூயோர்க் வைத்தியசாலையில் நோயுற்றுக் கிடந்தபோது, போதைப்பொருள் வைத்திருந்தார் என்று படுக்கையிலேயே கைதுசெய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 17 இல் அங்கேயே உயிர் நீத்தார். சாகக் கிடந்தவரின் அறைவாயிலில் சட்டம் காவல் நின்றது. கடமை தவறவில்லை, ஆனால் ஏதோ ஒன்று தவறிவிட்டது. அந்த ஒன்றுக்குத் தமிழில் அழகிய பெயர் உண்டு.

திருக்குறளின் பொருட்பாலில், ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கண்ணோட்டம். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். வேவு பார்ப்பதற்கு இலக்கணம் கூறப் புகுமுன், இரக்கத்துக்கு இலக்கணம் கூறும் வைப்புமுறை இது. இவ்வரிசைக்கு உரையாசிரியர் என்ன இயைபு கூறினும் கூறுக. ஆசிரியத் தொழிலில் இத்தனை ஆண்டு கழித்த எனக்கு இவ்வரிசையே ஒரு பாடமாய்த் தோன்றுகின்றது. பிறர் மறைவை அறியும் அதிகாரம் யாருக்கு உண்டோ, அவர் கண்ணில் முதலில் ஈரம் இருத்தல் வேண்டும். ஒற்றாடல் அதிகாரத்தின் இறுதிக் குறளோ, இந்த அமெரிக்க நாடகத்துக்கென்றே எழுதி வைத்தது போல் இருக்கின்றது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தல் ஆகாது. செய்தால், மறைவாய் இருக்க வேண்டியதை அரசன் தானே வெளியிட்டவன் ஆவான் என்பது அதன் கருத்து. புகழ்வதற்காகக்கூட ஒற்றனை இனங்காட்டாதே என்றார் வள்ளுவர். மிரட்டுவதற்காகச் சிறுவன் ஒருவனை இனங்காட்டிய ஹெர்க்கைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்! அதற்கு முந்திய குறள் இன்னொரு காப்பும் சொல்கின்றது. ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி வைத்து, மூவர் சொல் ஒத்தபோதே நம்புக என்கின்றது. ஒருவன் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு பாயாதே என்பது பொருள்.

அப்படிப் பாய்ந்ததால் வந்த கேட்டைச் சொல்லும் காப்பியமும் நம்மிடம் உண்டு. கோவலனைக் கள்வன் என்றது ஒரே ஒரு பொற்கொல்லனின் வாய். அரசன் ஆராயவில்லை. காவலருள் சிலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனல்லன் போலும் என்று தயங்கவே செய்தனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்கள் தயக்கத்தைக் கலைத்தான். இறுதியில் வாளை ஓச்சியவன் கல்வியறிவற்ற, கள்ளுண்டு களித்த ஒருவன் என்று இளங்கோவடிகள் நுணுக்கமாய்க் குறிக்கின்றார். பொய்ச்சொல், ஆராயாமை, போதை என்னும் மூன்றும் ஒரு கணத்தில் ஒன்றுகூடின, மதுரை எரிந்தது. பொலிஸ் நாடகத்தின் முழு இலக்கணமும் கொலைக்களக் காதையில் அடங்கிக் கிடக்கின்றது. நம் திரைக்கலைஞர் அங்கே தேடாமல் துப்பாக்கிக் கடையில் தேடுவது விந்தையே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சட்டம் வலுக்குறைந்ததன்று. 2022 நவம்பரில் நிறைவேறிய திருத்தத்தின்படி, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனை ஐந்து கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுட்தண்டனை விதிக்கலாம். 1976 இன் பின்னர் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படாத நாட்டில் இது எழுத்தளவில் நிற்பதாயினும், எழுத்து கடுமையானதே. 2023 டிசம்பர் 17 ஆம் நாள் ‘யுக்திய’ என்ற பெயரில் பெரும் தேடுதல் நடவடிக்கை தொடங்கிற்று. ‘நீதி’ என்பது அச்சொல்லின் பொருள். சில வாரங்களுள் பல்லாயிரவர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம், அதன் நடைமுறை குறித்துக் கவலை தெரிவித்தது. தேடுதலின் காட்சிகள் மாலைச் செய்திகளில் ஓடின. தலைகுனிந்து நின்ற இளைஞரும், வாசலில் நின்ற தாய்மாரும் திரையில் வந்தனர். செய்தி முடிந்ததும் நாடகம் தொடங்கிற்று. இரண்டுக்கும் வேறுபாடு காண்பது குழந்தைகளுக்கு எளிதாய் இருந்திராது.

தொலைக்காட்சி செய்ததை இன்று ஊர்தோறும் கைத்தொலைபேசி செய்கின்றது. நம் ஊர்களில் ஓர் இளைஞன் பிடிபட்டால், அவனை நீதவான் காண்பதற்கு முன் அவன் படத்தை ஊரே காண்கின்றது. தகப்பன் பெயர், தெருவின் பெயர், படித்த பாடசாலையின் பெயர் என யாவும் படத்தோடு பயணம் செய்கின்றன. நோய்க்கு மருந்து தேடும் வீட்டார் ஒளிந்துகொள்கின்றனர். அவன் தங்கைக்குப் பேசிவந்த மணப்பேச்சு முறிகின்றது. விற்றவனோ அடுத்த தெருவில் நிம்மதியாய் இருக்கின்றான்.

பாடசாலையும் இக்குற்றத்துக்குப் புறம்பானதன்று. பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் நடந்தது இது. ஊரும் பேரும் வேண்டாம். ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன், மதிலுக்கு அப்பாலுள்ள கடையில் சிறுவருக்குப் போதைப்பாக்கு விற்கப்படுவதாகத் தன் வகுப்பாசிரியரிடம் தனியே சொன்னான். ஆசிரியர் நல்லெண்ணத்தோடு காலைக்கூட்டத்தில் எழுந்து, அவன் பெயரைச் சொல்லி, மற்றவர்களும் இவனைப் போல் துணிவு கொள்ள வேண்டும் என்று பாராட்டினார். நாங்கள் கைதட்டும் ஓசை அடங்குமுன் செய்தி மதிலைத் தாண்டிவிட்டது. அன்று பிற்பகல் அவன் வீட்டுவாசலில் இருவர் வந்து நின்றனர். மறுவாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. உம்மா வந்து விடுகைப்பத்திரம் கேட்டார். வெளியூரில் உறவினர் வீட்டிலிருந்து அவன் படிப்பைத் தொடர்வதாகச் சொன்னார். பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே என்ற குறளின் ஆழத்தை அன்று அந்த ஆசிரியர் அறையில் நாங்கள் அனைவரும் உணர்ந்தோம். கடை அடைபடவில்லை. அதன்பின் எந்த மாணவனும் எதுவும் சொல்லவில்லை.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். பெயரை மறைத்தால் குற்றவாளிக்கு அச்சம் எப்படி வரும்? இரக்கம் காட்டிக் காட்டியே ஊர் கெட்டுவிட்டது. பகிரங்கப்படுத்தினால்தான் மற்றவர் திருந்துவர் என்பர். தன் மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் இதனைச் சொல்வாராயின், அவர் துயரத்தின் முன் நான் வாதாட மாட்டேன். ஆயினும் ஆழ்ந்து நோக்குவோம். விற்பவன் வேறு, விழுந்தவன் வேறு, கண்டு சொன்னவன் வேறு. விற்பவன்மேல் சட்டம் தன் முழு வலுவோடு பாயட்டும். அதற்கு ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. விழுந்தவனுக்கு வேண்டியது மருத்துவம். அதற்கென 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழி வகுத்துள்ளது. சொன்னவனுக்கு வேண்டியது காப்பு. அதற்கென 2015 இலும், அதனை நீக்கி 2023 இலும், சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் காக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நீதிமன்றுக்கு வரும் பிள்ளைகளின் அடையாளத்தைச் செய்தித்தாளில் வெளியிடுவதற்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச்சட்டமே கட்டுப்பாடு விதித்தது. இம்மூவரையும் வேறு பிரித்தறியாது ஒரே படத்தில் நிறுத்தி ஊரெல்லாம் அனுப்பும்போது, நாம் அச்சுறுத்துவது விற்பவனை அன்று. வாய்திறக்கக்கூடிய அடுத்த சிறுவனையே அச்சுறுத்துகின்றோம்.

கண்ணோட்ட அதிகாரத்திலும் இதற்கு விடை உண்டு. தன் கடமை சிதையாதபடி இரக்கம் காட்ட வல்லவருக்கே இவ்வுலகம் உரியது என்பது அங்குள்ள குறள் ஒன்றின் கருத்து. கடமையைக் கைவிட்டு இரங்கு என்று வள்ளுவர் சொல்லவில்லை; இரக்கத்தைக் கைவிட்டுக் கடமை செய் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் ஒருங்கே தாங்குவதையே வன்மை என்றார்.

மது விலக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்கின்றனர். அதனோடு அவர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில், மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, பெருமானார் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறிய செய்தி புகாரி கிரந்தத்தில் உண்டு. தண்டனை நிறுத்தப்படவில்லை, சாபம் நிறுத்தப்பட்டது. சகோதரனின் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்ற நபிமொழியையும் நாம் அறிவோம். வள்ளுவரும் வேதவழியும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது, நாம் வேறு வழி நடப்பதற்கு என்ன நியாயம் இருக்கின்றது?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்குச் சில வேண்டுகோள் விடுப்பேன். மாணவன் ஒருவன் நம்மிடம் தனியே சொன்னது, அவன் நலனுக்கு இன்றியமையாத ஒருவரைத் தவிர வேறெவர் செவிக்கும் போகலாகாது. ஆசிரியர் அறையின் தேநீர்ப் பேச்சுக்கு அது பொருளாகவே ஆகாது. மேலே சொல்ல வேண்டி நேர்ந்தால், சொன்னவரோடு கடமை முடிந்தது என்று எண்ணாது, அச்செய்தி கடைசியில் யார் கையில் போய் நிற்கின்றது என்று தொடர்ந்து கேளுங்கள். ரண்டியைக் கைவிட்டது எந்தத் தனியொருவரும் அல்லர். கைமாற்றிக் கைமாற்றி அவனை இழந்தனர். போதையில் அகப்பட்ட மாணவனின் பெயரை வெட்டிவிட்டால் பாடசாலையின் பெயர் காக்கப்படும் என்று எண்ணாதீர்கள். வாயிலுக்கு வெளியே அவனுக்காகக் காத்திருப்பவர் யார் என்பதை அவனை நீக்குபவர் ஒருகணம் சிந்திக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருப்பதை மாணவர் அனைவரும் அறியச் செய்யுங்கள்.

மாணவ நண்பர்களே, பிடிபட்ட ஒருவனின் படம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அது உங்களோடு நிற்கட்டும். அனுப்பாமல் விடுவதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவுக்குக் கைதட்டல் கிடைக்காது. அதனாலேயே அது உயர்ந்தது.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு சொல். இக்கரையின் இலக்கியத்தைப் பெரும்பாலும் ஆசிரியர்களே வளர்த்தார்கள். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் ஆசிரியர். உழவரின் வாழ்வை ‘வேளாண்மை’ என்று காவியமாக்கினார். மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் ஆசிரியரே. தாம் அன்றாடம் கண்ட மனிதரை அவர்கள் எழுதினார்கள். இன்று நாம் அன்றாடம் காண்பது என்ன? பின்வரிசையில் தூங்கி விழும் மாணவன். காதுத்தோட்டை அடகு வைத்துவிட்டு முந்தானையால் காதை மூடிவரும் உம்மா. மகனின் படத்தைக் கண்டுவிட்டு ஜும்ஆவுக்கு வேறூர்ப் பள்ளி தேடிப் போகும் வாப்பா. இரவில் கைதுசெய்து, பகலில் அதே குடும்பத்தின் முகத்தைப் பார்க்கக் கூசும் பொலிஸ்காரர். இவர்களை எழுத வெளியூரிலிருந்து எவரும் வரமாட்டார். போல்ட்டிமோர் நகரில் ஓர் ஆசிரியர் எழுதினார். கல்முனையில் ஓர் ஆசிரியர் எழுதலாகாதா? மேடை நாடகமாயினும் சரி, குறும்படமாயினும் சரி, வானொலி நாடகமாயினும் சரி. களத்துமேட்டில் தொடங்காதீர்கள், நாற்றங்காலில் தொடங்குங்கள்.

துப்பாக்கி வெடிக்கும் நாடகத்தைக் கண்ட பிள்ளை, வில்லன் இறந்தான் என்ற நிறைவோடு உறங்கப் போகின்றது. ரண்டியின் நாடகத்தைக் கண்ட பிள்ளைக்கு உறக்கம் எளிதில் வாராது. தனக்கு அடுத்த வாங்கில் இருப்பவனைப் பற்றி அது நினைக்கத் தொடங்கும். அந்த நினைவை உண்டாக்குவதே நாடகத்தமிழின் பணி. அந்த நினைவோடு மறுநாட் காலை வகுப்புக்கு வரும் பிள்ளை வாய்திறந்து ஏதேனும் சொன்னால், அதைக் கேட்டுப் பிறர் அறியாமல் காத்து நிற்பது ஆசிரியர் பணி.